மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்களும் பிரதாப முதலியார் சரித்திரமும்

தோற்றுவாய்

கடலூரிலிருந்து தெற்கு நோக்கிப் புகைவண்டி ஏறுவோர் பரங்கிப்பேட்டையையும் சிதம்பரத்தையும் கடந்து, கொள்ளிடப் பேராற்றின் பாலத்தைத் தாண்டியவுடன் சீகாழியை அடைவர். அதற்கும் தெற்கே சிறிது தொலைவில் உள்ளது மாயூரம். இந்நாளில் அதனை மயிலாடுதுறை என்பர். இவ்விரண்டு ஊர்களிலும், கடற்கரையிலுள்ள தரங்கம்பாடியிலும், விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் முன்சீபாய் அமர்ந்து வழக்குத் தீர்த்தவர் ஒருவர், 1879ஆம் ஆண்டில் ஒரு கதை நூலை அச்சிட்டு வெளியிட்டார். தமிழில் உரைநடையால் ஆகிய முதல் நாவல் என்று இன்று அறிஞர் போற்றும் பிரதாப முதலியார் சரித்திரமே அந்நூல். அதனை இயற்றியவர் வேதநாயகம் பிள்ளையவர்கள்.

நம் மாணவர் ஆங்கில வகுப்பில் டிக்கன்சின் டேவிட் காப்பர்பீல்டையும் தாக்கரேயின் பென்டென்னிசையும் பற்றிக் கேட்டறிகின்றனர். ஒரு சிறுவன் பிறந்து, வளர்ந்து, இடறி விழுந்து, உலகத்தைக் கற்று மனிதனாகும் வரலாற்றை நகைச்சுவையோடு கூறும் அவ்வகைக் கதை, கொள்ளிடத்தின் தென்கரையிலும் அதே தலைமுறையில் எழுந்தது என்பதனை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதியவர் பொழுதுபோக்குக்காக எழுதியவருமல்லர். நூல் விற்றுப் பிழைத்தவருமல்லர். நாள்தோறும் நீதிமன்றத்திலிருந்து மக்களின் துன்பத்தைக் கண்டவர். அக்காட்சிக்கும் அவர் எழுதிய கதைக்கும் உள்ள தொடர்பினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

பிள்ளையவர்கள் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கியமரி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். கத்தோலிக்க சமயத்தை மேற்கொண்ட வேளாளர் குடும்பம் அது. இளமையில், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளையென்பாரிடம் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்றார். ஆசிரியரே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வாய்த்தது இவர்தம் பிற்கால வாழ்வுக்கு ஒரு முன்னறிகுறி போலும். ஒரு மொழியில் மக்கள் கூறிய முறையீட்டை மற்றொரு மொழியில் அதிகாரிக்கு உணர்த்துவது எத்துணை அரிது என்பதை இவர் மாணவப் பருவத்திலேயே அருகிருந்து கண்டார்.

கல்வி முற்றியபின் அத் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்திலேயே பதிவேடுகளைக் காக்கும் அலுவல் இவருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

முன்சீப் பதவி

1857ஆம் ஆண்டில் இவர் முன்சீபாக நியமனம் பெற்றுத் தரங்கம்பாடிக்குச் சென்றார். டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் அவ்வூரை விலைக்குப் பெற்றது 1845ஆம் ஆண்டில். ஆகவே புதிய ஆட்சியின் சட்டங்கள் அவ்வூர் மக்களுக்கு இன்னும் பழகாதிருந்த காலம் அது. பின்னர்ச் சீகாழியில் பணியாற்றி, அதன்பின் மாயூரத்துக்கு மாறி, ஆங்கு 13 ஆண்டுகள் நீதி வழங்கினார். ஊர்ப்பெயரே இவர் பெயருக்கு முன்னடையாய் நிலைத்தது இதனாலாம்.

அந்நாளைய நீதிமன்றத்தின் நிலையைச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். நிலத்துக்காகவோ கடனுக்காகவோ வழக்கிடுவோன் தமிழன், எதிரியும் தமிழன், சாட்சிகளும் தமிழர். ஆயினும் மேல்நீதிமன்றத் தீர்ப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை அறியாத உள்ளூர் வக்கீல்களும் கட்சிக்காரரும் இருட்டில் தடவுவோரைப் போன்றிருந்தனர். பிள்ளையவர்கள் இதனைக் கண்டு வருந்தியதோடு அமையவில்லை. சென்னைச் சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் திரட்டிச் சுருக்கித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862ஆம் ஆண்டில் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பெற்றதும் அவ்வாண்டிலேயே. சட்டம் தமிழிற் பேசத்தொடங்கிய காலத்து அதற்கு நாவாய் அமைந்தவர்களுள் இவரைத் தலையாயவர் எனலாம்.

நீதிமன்றத்தில் கையூட்டுப் பெறுவோரும், பொய்ச்சாட்சி கூறுவோரும், வழக்கை வளர்த்து இருதிறத்தாரையும் வறியராக்குவோரும் மலிந்திருந்தனர். 1859ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட நீதிநூல் இவற்றையெல்லாம் எளிய செய்யுட்களாற் கடிந்தது. பிறரை நடுவுநிலையில் நிறுத்த வேண்டிய பதவியில் இருந்துகொண்டே, அப்பதவியினர் செய்யும் குற்றத்தைப் பெயர் சுட்டிப் பாடுதற்கு ஓர் அஞ்சாமை வேண்டும். அது இவர்பால் இருந்தது.

நண்பர் குழாம்

பிள்ளையவர்கள் தம் சமயத்தில் உறைப்புடையவர். ஆயினும் இவர்தம் நெருங்கிய நண்பருட் பலர் சைவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சீகாழியில் இவர் முன்சீபாயிருந்தபோது வந்து தங்கிச் சீகாழிக் கோவையைப் பாடினார். இவரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவையும் பாடினார். ஒரு கத்தோலிக்கரைத் தலைவராகக் கொண்டு ஒரு சைவப் பெரும்புலவர் கோவை பாடிய செய்தி நம் நாட்டு வரலாற்றில் என்றும் நினைக்கத்தக்கது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரும் இவர்பால் அன்பு பூண்டவர். சிதம்பரம் செல்லத் துடித்த நந்தனாரின் வரலாற்றைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ, மாயூரத்தில் இவரோடு அளவளாவி மகிழ்ந்தவர்.

இவ்வட்டாரத்தின் அக்காலச் சிறப்பையும் ஈண்டுக் குறித்தல் தகும். கொள்ளிடத்துக்கு வடபால் மருதூரிற் பிறந்த இராமலிங்க அடிகள், நீதி தவறாத சோழ மன்னன் வரலாற்றை 1854ஆம் ஆண்டில் மனுமுறைகண்ட வாசகம் என்று உரைநடையில் வெளியிட்டார். 1867ஆம் ஆண்டில் வடலூரில் பசித்தோர்க்குச் சோறிடும் தருமச்சாலையையும் தொடங்கினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தெளிந்த உரைநடையாற் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் நூல்கள் அளித்துவந்தார். மாட்டுவண்டியில் இரண்டு நாட் பயணத்துக்குள் அடங்கும் இந்நிலப்பரப்பில், மூன்று வேறு நெறியினராகிய மூவர், செய்யுளிலேயே வாழ்ந்த தமிழை உரைநடையில் நடக்கப் பழக்கினர். நாவலர் உரைநடையால் சமயத்தை விளக்கினார்; அடிகள் அறத்தையும் அருளையும் உணர்த்தினார்; பிள்ளையவர்களோ வீட்டையும் வீதியையும் நீதிமன்றத்தையும் அதனுட் புகுத்தினார்.

பஞ்ச காலம்

1876ஆம் ஆண்டு முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஊர்விட்டு ஊர் சென்று வழியிலேயே மடிந்தோர் எண்ணிறந்தோர். அப்பொழுது பிள்ளையவர்கள் தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் வறியோர்க்கு உணவளித்தார். அக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். பாரதியார் தெய்வத்தையும் தொண்டரையுமே பாடிய நாவினர். பொருள் கருதி மனிதரைப் பாடாதவர். அவர் வாயால் இவ்வாறு பாடப்பெற்றது எப்பட்டத்தினும் மேலாயதொரு சிறப்பாகும்.

அப்பஞ்சத்தினிடையே, 1878ஆம் ஆண்டில், சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. எச்சமயத்தாரும் தத்தம் இறைவனை நினைந்து பாடத்தக்கவாறு அமைந்தமையின், அதன் பாடல்கள் சில இன்றளவும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. பசித்தவன் முன்னிலையில் சமய வேறுபாடு பொருளற்றதென்பதைக் கஞ்சித் தொட்டியின் அருகே நின்றவர் அறிவார். அவ்வறிவே அந்நூலின் அடிநிலம் என்று கருதுதல் பிழையாகாது.

பிரதாப முதலியார் சரித்திரம்

பஞ்சம் தணிந்த மறு ஆண்டே நாட்டைச் சிரிக்கவைக்கும் நாவல் பிறந்தது. நம் நாட்டில் அதற்குமுன் நகைச்சுவை உரைநடை இல்லாமற் போகவில்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்த குருவையும் அவருடைய பேதைச் சீடரையும் படைத்தளித்தார். 1875ஆம் ஆண்டில் ஆதியூர் அவதானி சரிதம் செய்யுளிற் சமூகக் கதையொன்றைக் கூறியது. எனினும் ஒரு மனிதனின் பிறப்பு முதலாகத் தொடங்கி, அவன் வாழ்வு முழுவதையும் அவனே தன் வாயாற் கூறுமாறு நீண்ட உரைநடையில் அமைந்தது பிரதாப முதலியார் சரித்திரமே.

முதற்பதிப்புக்கு ஆசிரியர் ஆங்கிலத்திலும் ஒரு முகவுரை எழுதிச் சேர்த்தார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையை நீக்கவே இதனை எழுதியதாக அதில் தெரிவித்தார். தலைமை மாந்தரை முழு நல்லொழுக்கமுடையவராகப் படைத்தமைக்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கொள்கையைத் துணையாகக் காட்டினார். மேனாட்டு நூல்களைக் கற்றிருந்தும், கதையின் மண்ணும் மக்களும் பேச்சும் முற்றும் நம்முடையனவாகவே இருக்கக் காண்கிறோம்.

கதை சத்தியபுரி என்னும் ஊரிற் செல்வக் குடும்பமொன்றில் தொடங்குகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்னும் செருக்கினிடையே பிரதாபன் வளர்கிறான். அவன் குற்றம் செய்தால் அவனை அடிக்க ஆசிரியருக்கு உரிமையில்லை. அவனுக்குப் பதிலாக ஆசிரியர் தம் மகன் கனகசபையையே அடிக்க நேர்கிறது. இதனைப் படிக்குந்தோறும் நகைப்பு வருகிறது. நகைத்து முடித்தபின் நெஞ்சு சுடுகிறது. செல்வன் செய்த குற்றத்துக்கு ஏழை முதுகு கொடுப்பதை நீதிமன்றத்தில் நாள்தோறும் கண்ட ஒருவரே பள்ளிக்கூடத்தில் இத்தகைய காட்சியை அமைத்தல் கூடும். ஆங்கில நாட்டில் மெரிடித்து என்பார் 1859ஆம் ஆண்டில் எழுதிய ரிச்சர்டு பெவரெலின் கதையிலும், தந்தை வகுத்த கல்வித் திட்டமொன்று மைந்தனைக் கெடுக்கிறது. ஆங்குத் தந்தையின் கடுமை கெடுக்கிறது. ஈங்கு வீட்டாரின் செல்லம் கெடுக்கிறது. நோய் இரண்டாயினும் வருந்துவோர் பிள்ளைகளே.

பிரதாபனை மனிதனாக்குவோர் பெண்டிர். ஒருத்தி அவன் தாய் சுந்தரத்தண்ணி. மற்றொருத்தி அவன் மாமன் மகளும் பின்னர் மனைவியுமாகிய ஞானாம்பாள். கல்வியிலும் துணிவிலும் ஞானாம்பாள் கணவனினும் மிக்கவள். ஆணுடை பூண்டு விக்கிரமபுரி என்னும் ஊருக்கு வரும் அவளை, யானை மாலையிட்டு அரசாகத் தேர்ந்தெடுக்கிறது. அவள் அரியணை ஏறி முறை வழங்குகிறாள். அவ்வூரிலேதான் செருப்புத் தைப்பவன் ஒருவனிடம் நாயகன் எண்ணாது சொன்ன ஒரு சொல் வழக்காக மூண்டு அவனை அலைக்கழிக்கிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடும் நீதி எவ்வாறிருக்கும் என்பதை முன்சீபவர்கள் இதனினும் எளிதாகக் காட்டியிரார். 1870ஆம் ஆண்டை ஒட்டிப் பெண்மதிமாலை, பெண்கல்வி என்னும் நூல்களால் பெண்கள் கற்க வேண்டுமென்று வற்புறுத்தியவர், அக்கருத்தையே இங்குக் கதைமகளாக நடமாட விட்டார்.

நூலின் பிற்பகுதியில் நீதிமன்ற மொழியைப் பற்றிய பகுதி வருகிறது. நூல் முழுமைக்கும் உயிர்நிலை அதுவே எனலாம். நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர். அவ்வாறிருக்க, வழக்கை ஆங்கிலத்தில் நடத்தும் விந்தையை ஆசிரியர் எள்ளி நகையாடுகிறார். தன் நிலமும் மானமும் எவ்வாறு பேசப்படுகின்றன என்று அறியாமல், ஊமைக் கூத்தைப் பார்ப்பவன்போற் குடியானவன் விழித்துக்கொண்டு நிற்கும் நிலையை நம் கண்முன் நிறுத்துகிறார். ஆங்கிலத்தை அவர் வெறுத்தவரல்லர். அதனால் வாழ்வு பெற்றவர். தாய்மொழியைக் கைவிட்டு அதனைப் பற்றுவோரையே அவர் கடிந்தார். சித்தாந்த சங்கிரகத்தாற் செய்ய முயன்றதனையே, 17 ஆண்டுகள் கழித்துக் கதையாற் செய்தார் என்பது இதனாற் புலனாகும்.

குறைகளும் நிறைகளும்

நடுவுநிலையிற் பேசிய ஒருவருடைய நூலை நாமும் நடுவுநிலையில் ஆராய வேண்டும். கதை நேரே ஓடுவதில்லை. இடையிடையே துணுக்குக் கதைகளும் நீதியுரைகளும் வந்து வழிமறிக்கின்றன. மாந்தர் சில நேரங்களில் ஆசிரியரின் நாவாகவே பேசுகின்றனர். யானை மாலையிடுதல் போன்ற நிகழ்ச்சிகள் பழங்கதைகளின் எச்சங்கள். பின்னர் வந்த ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரத்திலும், மாதவையாவின் பத்மாவதி சரித்திரத்திலும் காணும் மனநுட்பம் இதில் இல்லை.

ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. ஆங்கில நாட்டில் சாமுவேல் பட்லர் என்பார், வீட்டையும் திருச்சபையையும் பள்ளியையும் எள்ளும் கதையொன்றை அதே 1870களில் எழுதத் தொடங்கினார். எனினும் தாம் உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை. அவர் இறந்தபின் 1903ஆம் ஆண்டிலேயே அது அச்சேறியது. பிள்ளையவர்களோ தாம் பழகிய வக்கீல்களும் அதிகாரிகளும் செல்வரும் உயிரோடிருக்கையில், தம் பெயரைப் பொறித்தே தம் நூலை அவர்கள் கையிற் கொடுத்தார். அவருடைய எள்ளலில் நஞ்சில்லாமையால், எள்ளப்பட்டோரும் சிரித்தனர் போலும்.

இறுதிக் காலம்

பிள்ளையவர்கள் மாயூரம் நகரசபையின் தலைவராகவும் இருந்து ஊர்ப்பணி புரிந்தார். 1887ஆம் ஆண்டில் சுகுணசுந்தரி என்னும் இரண்டாவது நாவலை வெளியிட்டார். 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் மாயூரத்தில் இறைவன் திருவடி சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 62.

முடிவுரை

அவர் விதைத்த விதை முளைக்கப் பல ஆண்டுகள் சென்றன. 1956ஆம் ஆண்டிலேயே தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழியாகச் சட்டம் பிறந்தது. கீழ்நீதிமன்றங்களிற் பின்னர்த் தமிழ் இடம்பெற்றது. இன்று கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் நிற்கும் உழவன் தன் வழக்கைத் தன் மொழியிற் கேட்கக்கூடும். உயர்நீதிமன்றத்திலோ ஆங்கிலமே இன்னும் வழங்குகிறது. ஆகவே பிரதாப முதலியார் சரித்திரத்தில் எழுப்பப்பெற்ற வழக்கு இன்னும் முற்றாகத் தீர்க்கப்படவில்லை. சட்டம் பயிலப் போகும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.

மற்றொன்றும் கூறி முடிப்போம். இந்நாவலைப் புதிய பதிப்புகளில் எவரும் எளிதிற் பெறலாம். அந்நாளைய பதிப்புகளோ அரியவாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டுத் தாள் பழுத்துத் தொட்ட மாத்திரத்தில் ஒடியும், பூச்சி துளைக்கும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, றா, னா முதலிய எழுத்துகளின் பழைய வடிவைக் கண்டவுடன் இளைஞர் சிலர் இது படிக்கத்தகாதது என்று ஒதுக்குவதும் உண்டு. ஒரு நாழிகை பழகினால் அவ்வெழுத்து கண்ணுக்கு இணங்கிவிடும். ஆசிரியர் கண்பார்வையில் அச்சாகி, அவர்தம் முகவுரையோடு வந்த ஏட்டுக்கு உள்ள மதிப்பு வேறு. எந்தச் சொல் பின்வந்தோராற் சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்று ஒப்புநோக்க அதுவே சாட்சி. சாட்சியின்றி வழக்குத் தீராதென்பதை இந்நூலாசிரியரைப் போல் அறிந்தவர் யார்?

பழைய மாணவர்களின் இல்லங்களிற் பரண்மேலும் மரப்பெட்டிக்குள்ளும் பாட்டனார் காலத்துப் புத்தகங்கள் சில கிடத்தல் கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நலம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராய்த் திரட்டிய பழம் புத்தகங்களே, 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழக் காரணமாயின. அத்தகைய நூலகத்திலேனும் நம் கல்லூரி நூலகத்திலேனும் அவற்றைச் சேர்ப்பித்தல், பஞ்ச காலத்தில் ஊருக்குச் சோறிட்டும், மற்றைக் காலத்தில் தமிழுக்கு உரைநடை நல்கியும் வாழ்ந்த அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் சிறு கடனாகும். அவர் புகழ் வாழ்க.